கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

பண் ஒன்றாயினும் அதனை எழுப்பும் கருவிகள் பல. யாழிலே நரம்பைத் தடவியும், குழலிலே துளையை மூடித் திறந்தும் ஒரே பண்ணை இசைக்கலாம். கருவிதோறும் விரல் வைக்கும் முறை வேறுபடுமேயன்றிப் பண் வேறுபடுவதில்லை. கருவி மாறுந்தோறும் பண்ணையும் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டுமெனின், இசைக்கலை வளர்ந்திருக்க இயலுமோ?

கணிப்பொறிகள் தோன்றிய தொடக்கக் காலத்தில் அவற்றின் நிலை அத்தகையதாகவே இருந்தது. கணிப்பொறி தானே ஒன்றையும் செய்யாது. இன்ன எண்ணை எடு, இன்ன எண்ணோடு கூட்டு, விடையை இன்ன இடத்தில் வை என்று ஒவ்வொன்றையும் அதற்குக் கட்டளையிடல் வேண்டும். அக்கட்டளைகளின் தொடரை நிரல் என்பர். அந்நாளில் ஒரு பொறிக்கென எழுதப்பெற்ற நிரல் மற்றொரு பொறிக்குச் சிறிதும் பயன்படவில்லை. பழைய பொறியை நீக்கிப் புதியதை வாங்கியவர், பல்லாண்டு உழைத்து எழுதிய நிரல்களைக் கைவிட்டு, மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியவராயினர். பொறி பழையதானவுடன் மனிதர் உழைப்பும் அதனோடு வீணாயிற்று. இக்குறையை நீக்குதற்கு வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பெருமாட்டி ஒருவர் உண்டு. அவரே அமெரிக்க நாட்டுக் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆவர்.

பிறப்பும் இளமையும்

கிரேஸ், 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் வால்டர் முர்ரே, தாயார் மேரி. பெற்றோருக்குப் பிறந்த மக்கள் மூவருள் இவரே மூத்தவர். தாயார் கணிதத்தில் ஆர்வம் மிக்கவர். தந்தையார் நோயினால் கால்களை இழந்தவர். எனினும் அவர் மனம் தளராது தம் தொழிலைச் செய்துவந்தார். பெண்மக்களும் ஆண்மக்களைப் போலவே கல்வி கற்றுத் தம் காலில் நிற்றல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அக்காலத்தில் இத்தகைய கொள்கையுடைய தந்தையர் சிலரே.

கிரேஸ் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது நிகழ்ந்த நிகழ்ச்சியொன்று அவர் இயல்பை நன்கு காட்டும். கோடை விடுமுறையில் அவர்கள் தங்கிய வீட்டில், அறைதோறும் துயிலெழுப்பும் கடிகாரம் ஒன்று இருந்தது. அது குறித்த நேரத்தில் எவ்வாறு ஒலிக்கிறது என்றறிய விரும்பிய சிறுமி, ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். பிரித்ததை மீண்டும் பொருத்த இயலவில்லை. அடுத்த கடிகாரத்தைப் பார்த்தேனும் தெரிந்துகொள்ளலாம் என்று அதனையும் பிரித்தாள். இவ்வாறே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் உறுப்புக் குவியல்களாயின. இதனைக் கண்ட தாயார் மகளை அடித்தாரல்லர். ஆய்வதற்கு ஒரே ஒரு கடிகாரம் போதும் என்று வரையறை செய்தார். அறியும் வேட்கையை அடக்காமல் நெறிப்படுத்திய அத்தாயின் பெருந்தன்மையை என்னென்பது!

கல்வியும் ஆசிரியப் பணியும்

பதினாறு வயதில் வாசர் கல்லூரியிற் சேர விரும்பிய கிரேசுக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை. இலத்தீன் மொழித் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண் குறைவாக இருந்தமையே காரணம். அவர் ஓராண்டு காத்திருந்து, பயின்று, மறுமுறை முயன்று இடம் பெற்றார். 1928ஆம் ஆண்டில் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்று, பின்னர் யேல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1930இல் முதுகலைப் பட்டமும் 1934இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் அடைந்தார். 1930ஆம் ஆண்டில் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்தார். அதுமுதல் அவர் கிரேஸ் ஹாப்பர் என வழங்கப்பெற்றார்.

1931 முதல் அவர், தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே கணித ஆசிரியராகப் பணியாற்றினார். கணித மாணவியரிடம் அவர் கட்டுரைகள் எழுதி வாங்கி, அவற்றின் நடையையும் திருத்துவார். கணிதம் படிக்க வந்த தாங்கள் கட்டுரை எழுதுவானேன் என்று மாணவியர் முணுமுணுத்தனர். தாம் அறிந்ததைப் பிறர்க்கு விளங்க உரைக்க இயலாதவர் கற்ற கணிதத்தால் பயனில்லை என்பதே அவர் அளித்த விடை. விளங்கும் மொழியில் கூறல் வேண்டும் என்னும் இக்கருத்து, பின்னாளில் அவர் பொறிகளோடு பழகியபோதும் அவரை விட்டு நீங்கவில்லை.

கப்பற்படையில் சேர்தல்

1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்க நாடு இரண்டாம் உலகப்போரில் இறங்கியது. ஹாப்பர் அம்மையாரின் முன்னோருள் ஒருவர் கப்பற்படைத் தலைவராக விளங்கியவர். அவ்வழி வந்த அம்மையாரும் கப்பற்படையிற் சேர விழைந்தார். ஆனால், அவர்தம் வயது மிகுதி என்றனர். உடல் எடையோ வேண்டிய அளவினும் ஏறத்தாழ 15 பவுண்டு குறைவாக இருந்தது. கணித ஆசிரியர் கல்லூரியிலிருந்து பணியாற்றுவதே நாட்டிற்கு நலம் என்றும் தடை கூறப்பட்டது. அம்மையார் சோர்ந்தாரல்லர். விதிவிலக்கு வேண்டிப் பெற்று, கல்லூரியினின்றும் விடுப்புப் பெற்று, 1943ஆம் ஆண்டின் இறுதியில் கப்பற்படையின் துணைப்படையிற் சேர்ந்தார். பயிற்சி முடிவில் தம் வகுப்பில் முதல்வராகத் தேறினார்.

1944ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பெற்றார். அங்கே ஹோவர்டு ஐக்கன் என்னும் பேரறிஞர் மேற்பார்வையில் மார்க் 1 என்னும் கணிப்பொறி இயங்கிவந்தது. அஃது 51 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. 23 இலக்கங்கள் கொண்ட எண்கள் எழுபத்திரண்டைத் தன்னகத்தே இருத்திக்கொள்ள வல்லது. தாள் நாடாவிலே துளையிட்டு அதற்குக் கட்டளை தரப்பட்டது. கடிகாரங்களைப் பிரித்துப் பார்த்த சிறுமிக்கு இதனினும் சிறந்த பொறி வேறு எங்கே கிடைக்கும்! அம்மையார் அதன் நுட்பங்களை ஐயந்திரிபறக் கற்று, 500 பக்கங்களுக்கு மேற்பட்ட விளக்க நூலொன்றையும் ஆக்கினார். அந்நூல் 1946இல் வெளிவந்தது.

அங்குப் பணியாற்றியபோது அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஒரு முறை சரியாக எழுதி முடித்த கட்டளைப் பகுதியை அவரும் உடன்பணியாளரும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வர். வேறு நிரலுக்கு அப்பகுதி தேவையாகும்போது ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பர். படியெடுப்பதில் எழுத்துப் பிழைகள் நேர்ந்தன. புதிய இடத்திற்கேற்ப எண்களைக் கூட்டி மாற்றுவதில் கணக்குப் பிழைகளும் நேர்ந்தன. படியெடுத்தலும் கூட்டுதலும் மனிதர் தவறும் இடங்கள். பொறி தவறாது செய்யும் செயல்களும் அவையே. அங்ஙனமாயின் அவ்வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தால் என்ன? இவ்வினா அவர் உள்ளத்தில் விதையாக விழுந்தது.

பொறிக்கு அடிமைப்பட்ட மனிதர்

போர் முடிந்தபின், 1949ஆம் ஆண்டில், அம்மையார் பிலடெல்பியா நகரிலிருந்த எக்கர்ட்–மாக்லி கணிப்பொறி நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே பைனாக் என்னும் பொறிக்கு நிரல் எழுதுவோர், நாம் வழங்கும் பத்தடி எண்முறையை விடுத்து எட்டடி எண்முறையைக் கையாளல் வேண்டும். அம்முறையில் எட்டு, ஒன்பது என்னும் இலக்கங்கள் இல்லை. ஏழுடன் ஒன்றைக் கூட்டினால் 10 என எழுதப்படும். அம்மையார் நாள் முழுதும் அம்முறையிலேயே கூட்டியும் கழித்தும் வந்தார். சில திங்களுக்குப்பின், தம் வங்கிக் கணக்கு வங்கியாரின் கணக்கோடு பொருந்தாமை கண்டு திகைத்தார். எத்துணை முறை பார்த்தும் பிழை புலப்படவில்லை. வங்கிப் பணியிலிருந்த அவர்தம் தம்பியார் அதனை ஆராய்ந்து உண்மையைக் கண்டறிந்தார். டாக்டர் பட்டம் பெற்ற கணிதப் பேராசிரியர், தம்மையறியாமலே தம் வீட்டுக் கணக்கையும் எட்டடி முறையிற் கழித்திருந்தார்!

இது நகைப்பிற்கிடமான நிகழ்ச்சியே. எனினும் அம்மையார் இதிலிருந்து பெரிய பாடமொன்றைக் கற்றார். பொறி மனிதனுக்கு ஏவல் செய்யப் பிறந்தது. இங்கோ, பொறியின் அமைப்பிற்கேற்ப மனிதன் தன் சிந்தனையை வளைத்துக்கொள்கிறான். வேறொரு பொறி வந்தால் அதற்கேற்ப மீண்டும் வளைய வேண்டும். இம்முறை தலைகீழாக மாறுதல் வேண்டும். மனிதன் தன் வழியிலே கூற, அதனைத் தன் அமைப்பிற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வேலையைப் பொறியே செய்தல் வேண்டும். இதுவே அவர் கொண்ட உறுதி.

தொகுப்பியின் தோற்றம்

அந்நிறுவனத்தை 1950இல் ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அதன் யூனிவாக் என்னும் பொறியைக்கொண்டு அம்மையார் தம் எண்ணத்தைச் செயற்படுத்தலானார். பலமுறை தேவைப்படும் கட்டளைப் பகுதிகளைத் திரட்டிக் காந்த நாடாவிலே பதித்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் அடையாளம் வைத்தார். நிரல் எழுதுவோர் தமக்கு வேண்டிய பகுதிகளின் அடையாளங்களை வரிசையாகக் குறித்தால் போதும். பொறியானது அப்பகுதிகளைத் தானே தேடியெடுத்து, இடத்திற்கேற்ப எண்களைத் திருத்தி, ஒன்றோடொன்று இணைத்து, முழு நிரலாக்கித் தரும். புலவர் பலர் பாடிய தனிப்பாடல்களைத் தேடித் தொகுத்து நம் முன்னோர் தொகைநூல்கள் ஆக்கினரன்றோ? அதுபோல, தனித்தனிக் கட்டளைப் பகுதிகளைத் தொகுத்து நிரலாக்கியமையின் அதற்குத் தொகுப்பி என்னும் பொருளுடைய பெயரையே அம்மையார் இட்டார். ஏ-0 எனப் பெயரிய அத்தொகுப்பி 1952ஆம் ஆண்டளவில் செயற்பட்டது. அவ்வாண்டு மேத் திங்களில் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய அறிஞர் அவையில் அவர் இது குறித்துக் கட்டுரை வழங்கினார்.

ஆயினும், உலகம் புதுமையை உடனே ஏற்றுக்கொள்வதில்லை. கணிப்பொறி கணக்கிடும், நிரல் எழுதுமோ என்று பலர் ஐயுற்றனர். தொகுப்பி கண்முன்னே இயங்கிய பின்னரும் சில காலம் அதனைப் பயன்படுத்துவார் அரியராயினர். அம்மையார் ஊர்தோறும் சென்று விளக்கி வந்தார்.

சொற்களால் அமைந்த கட்டளை

அம்மையார் அடுத்த படியில் ஏறினார். கணித அறிஞர் குறியீடுகளை விரும்புவர். வணிகரும் அலுவலகக் கணக்கரும் குறியீடுகளைக் கண்டு அஞ்சுவர். அவர்கட்குச் சொற்களே ஏற்றவை. கூட்டு, ஒப்பிடு, எழுது என்னும் பொருளுடைய எளிய ஆங்கிலச் சொற்களால் நிரல் எழுதினால், தொகுப்பி அதனைப் பொறியின் எண்களாக மாற்றிக்கொள்ளும் என்று அவர் எடுத்துரைத்தார்.

நிறுவனத் தலைவர்களுக்கு இதனைக் காட்டிய காலத்து, ஒரு சிறு நிரலை ஆங்கிலச் சொற்களால் எழுதி இயக்கிக் காட்டினார். பின்னர் அந்நிரலையே பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மானியச் சொற்களாலும் எழுதி இயக்கினார். எச்சொல்லும் பொறிக்கு ஓர் அடையாளமே. ஆதலின் எம்மொழியாயினும் அதற்கு ஒன்றே என்பதைப் புலப்படுத்துதலே அவர் நோக்கம். ஆனால், விளைவு வேறாயிற்று. அமெரிக்க நாட்டிற் செய்த பொறி அயல்மொழிகளை அறிவது எங்ஙனம் என்று தலைவர்கள் திடுக்கிட்டனர். பொறி ஆங்கிலம் ஒன்றையே அறியும் என்று உறுதி கூறி அவர்களை அமைதிப்படுத்த அம்மையார் பெரிதும் பாடுபட வேண்டியதாயிற்று. இத்தகைய தடைகளையெல்லாம் கடந்து, ஃப்ளோ-மேட்டிக் என்னும் மொழி உருவாயிற்று. 1956ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ இருபது ஆங்கிலக் கட்டளைகளை யூனிவாக் ஏற்றுச் செயற்பட்டது.

கோபால் மொழி

ஃப்ளோ-மேட்டிக் யூனிவாக் பொறிக்கு உரியது. பிற நிறுவனத்தார் தத்தம் பொறிகளுக்கென வேறு மொழிகளை வகுக்கத் தொடங்கினர். எண்களின் தடை நீங்கிச் சொற்கள் வந்தும், பொறிக்கொரு மொழி என்னும் பழைய குறை நீங்கவில்லை. இதனாற் பெரிதும் இழப்புற்றது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அத்துறையிடம் அப்போது 225 கணிப்பொறிகள் இருந்தன. மேலும் 175 பொறிகள் வரவிருந்தன. அவற்றிற்கு நிரல் எழுதிய வகையில் மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. பொறிகள் மாறின், அப்பெரும்பொருளும் உழைப்பும் என்னாவது?

மேரி ஹாஸ் என்னும் அம்மையார், எல்லா நிறுவனத்தார்க்கும் பொதுவான மொழியொன்று வேண்டும் என்று முதற்கண் வற்புறுத்தினார். அதன் பயனாக 1959ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிலடெல்பியாவில் ஒரு சிறு கூட்டமும், மேத் திங்கள் 28, 29ஆம் நாள்களில் பாதுகாப்புத் துறையின் தலைமையகத்தில் ஒரு பெருங்கூட்டமும் நடைபெற்றன. பொதுமொழியை வகுக்கக் குழுக்கள் அமைந்தன. ஜீன் சம்மெட் முதலிய அறுவர் அடங்கிய சிறுகுழு மொழியின் இலக்கணத்தை எழுதியது. ஹாப்பர் அம்மையார் அவ்வறுவருள் ஒருவரல்லர். அவர் மேற்குழுவின் அறிவுரையாளராக விளங்கினார். எனினும், அவர் கண்ட ஃப்ளோ-மேட்டிக் மொழியே புதிய மொழிக்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. வணிகத்திற்குரிய பொதுமொழி என்னும் பொருள்பட அமைந்த ஆங்கிலத் தொடரின் எழுத்துகளைச் சேர்த்து, அதற்குக் கோபால் எனப் பெயரிட்டனர். நம் நாட்டுப் பெயர்போல ஒலிப்பினும் இரண்டிற்கும் தொடர்பில்லை.

இம்மொழியின் அமைப்பில் அறிவுடைமை மிக்க பகுப்பொன்று உண்டு. கோபால் நிரல் நான்கு பகுதிகளை உடையது. முதற்பகுதி நிரலின் பெயர் முதலியவற்றைக் கூறும். இரண்டாம் பகுதி சூழலைக் கூறும். மூன்றாம் பகுதி கணக்கிற்குரிய செய்திகளின் வடிவைக் கூறும். நான்காம் பகுதி செய்யவேண்டிய செயல்களை முறைப்படக் கூறும். இவற்றுள் இரண்டாம் பகுதியே ஈண்டு நாம் கருதத் தக்கது. எப்பொறியில் நிரல் தொகுக்கப்படும், எப்பொறியில் இயங்கும், எக்கோப்பு எக்கருவியில் உள்ளது என்று பொறியைச் சார்ந்த செய்திகள் அனைத்தும் அப்பகுதியிலேயே எழுதப்படும். ஆதலின், வேறொரு பொறிக்கு நிரலைக் கொண்டுசெல்வோர் பெரிதும் அப்பகுதியை மாற்றியமைத்தால் போதும்; செயல்களைக் கூறும் பகுதியை மீண்டும் எழுத வேண்டுவதில்லை. பண்ணையும் விரல் வைக்கும் முறையையும் தனித்தனியே எழுதி வைத்தாற்போன்றது இஃது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பொறிக்கேற்ற தொகுப்பியைச் செய்துகொள்ளும். அத்தொகுப்பி பொதுமொழியில் அமைந்த நிரலைப் படித்து அப்பொறிக்குரிய எண்களாக மாற்றித் தரும்.

இத்துணை நிறுவனத்தார் ஒருமித்து ஒன்றைச் செய்தல் அரிது என்று பலர் நம்பிக்கை இழந்தனர். குழுவினருள் ஒருவரான ஹோவர்டு பிராம்பர்கு, காலத்தாழ்வு கண்டு மனம் கசந்து, கோபால் என்னும் பெயர் பொறித்த கல்லறைக் கல் ஒன்றை வாங்கிப் பாதுகாப்புத் துறை அலுவலர் சார்லஸ் பிலிப்சுக்கு அனுப்பிவைத்தார். அம்மொழி பிறக்குமுன்னே இறந்தது என்பது அவர் குறிப்பு. அக்குறிப்புப் பொய்யாயிற்று.

இரு பொறிகள், ஒரு நிரல்

1960ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6, 7ஆம் நாள்களில் கோபால் மொழிக்குத் தேர்வு வைக்கப்பெற்றது. ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் யூனிவாக் 2, ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் 501 என்னும் இரு பொறிகள் அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன. இரண்டும் தம்முள் மிக மாறுபட்டவை. முன்னது பெரும்பாலும் வெற்றிடக் குழல்களால் ஆயது. பின்னது டிரான்சிஸ்டர்களால் ஆயது. முன்னது பன்னிரண்டு எழுத்துகளை ஒரு கட்டாகக் கொண்டு செய்திகளைச் சேர்த்து வைக்கும். பின்னது எழுத்தெழுத்தாக, வேண்டிய நீளத்திற்குச் சேர்த்து வைக்கும். ஒன்றின் எண்மொழி மற்றொன்றிற்கு விளங்காது.

இத்தகைய இரு பொறிகளிலும் ஒரே நிரல் இயங்குமா? இயங்காதாயின், பல நிறுவனத்தார் கூடிச் செய்த முயற்சி முழுவதும் வீணாகும். பொறிக்கொரு மொழி என்பதே நிலையான விதியாகிவிடும். இன்றியமையாத சிறு மாறுதல்கள் சிலவற்றுடன் அந்நிரல் இரு பொறிகளிலும் இயங்கியது. ஒரு நிறுவனத்தின் பொறிக்குச் செய்த உழைப்பு மற்றொரு நிறுவனத்தின் பொறியிலும் பயன் தரும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது.

மீண்டும் படைப்பணி

1966ஆம் ஆண்டின் இறுதியில், அறுபது வயது நிரம்பிய அம்மையாருக்குக் கப்பற்படையின் துணைப்படை ஓய்வு அளித்தது. அவர் பெரிதும் வருந்தினார். ஆனால், அவ்வோய்வு ஓராண்டும் நீடிக்கவில்லை. கோபால் பொதுமொழி எனப் பெயர் பெற்றும், நிறுவனத்தார் தத்தம் விருப்பப்படி அதனைச் சிறிது சிறிதாக மாற்றலாயினர். கப்பற்படையின் ஓரிடத்தில் எழுதிய நிரல் மற்றோரிடத்தில் இயங்கவில்லை. ஒரு மொழி வட்டார வழக்குகளாகச் சிதறினாற்போன்ற நிலை ஏற்பட்டது. இதனைச் சீர்ப்படுத்துமாறு 1967ஆம் ஆண்டில் அம்மையார் மீண்டும் அழைக்கப்பெற்றார். ஆறு திங்களுக்கென அழைத்த அழைப்பு, இடையில் ஒருமுறை அவர் ஓய்வு பெற்று மீண்டதைத் தவிர, பத்தொன்பது ஆண்டுகள் தொடர்ந்தது.

அவரும் அவர்தம் குழுவினரும், தொகுப்பிகளைச் சோதிக்கும் நிரல்களை எழுதினர். விற்பனைக்கு வரும் தொகுப்பி, ஏற்றுக்கொண்ட இலக்கணத்தின்படி நடக்கிறதா என்பதை அச்சோதனை நிரல்கள் வெளிப்படுத்தின. வாய்ச்சொல்லால் உறுதி கூறுதல் எளிது. தேர்வில் வெல்லுதல் அரிது. இலக்கணம் வகுத்தல் மட்டும் போதாது, அதனைக் காப்பாரும் வேண்டும் என்பதை அம்மையார் செயலால் உணர்த்தினார்.

இறுதி நாள்களும் புகழும்

அம்மையார் கடினமான செய்திகளையும் கண்முன் காட்டி விளக்க வல்லவர். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கை நானோ நொடி என்பர். அதனுள் மின்குறி அதிக அளவாக எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைக் காட்ட, ஓரடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கேட்போர்க்குக் கொடுப்பார். பணியறைச் சுவரில் முள்கள் எதிர்த்திசையிற் சுற்றும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். முன்பே இவ்வாறுதான் செய்துவந்தோம் என்று கூறி மாற்றத்தை மறுப்போர்க்கு, பழக்கம் வேறு, முறைமை வேறு என்பதை அக்கடிகாரம் அறிவுறுத்தியது.

1986ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள், பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெருங் கப்பலில் அவர்க்கு விடையளிப்பு விழா நடைபெற்றது. அப்போது அவர் ரியர் அட்மிரல் என்னும் உயர்நிலையில் இருந்தார், வயது 79. பணியிலிருந்த கப்பற்படை அலுவலருள் அவரே மூத்தவர். அதன்பின்னும் அவர் வாளாவிருந்தாரல்லர். கணிப்பொறி நிறுவனமொன்றில் அறிவுரையாளராகப் பணியாற்றினார். 1992ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். படைவீரர்க்குரிய சிறப்புகளோடு ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார். கப்பற்படையின் போர்க்கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கி 1997இல் பணியில் இறங்கியது. 2016இல் அமெரிக்க நாட்டின் உயரிய குடிமை விருது அவர்க்கு அளிக்கப்பட்டது.

கோபால் மொழிக்கு அனுப்பப்பெற்ற கல்லறைக் கல் இன்று ஒரு காட்சிச்சாலையில் உள்ளது; அம்மொழியோ இன்றும் உயிருடன் உள்ளது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் பழைய நிரல்களைப் பேணுதற்குக் கோபால் அறிந்தோர் வேண்டும் என்று நியூஜெர்சி மாநில ஆளுநர் அழைப்பு விடுத்தார். அறுபது ஆண்டுகளுக்குள் எத்தனையோ பொறிகள் வந்தன, சென்றன. கோபாலில் எழுதிய நிரல்களோ பொறி பலவற்றைக் கடந்து வாழ்ந்தன. இன்று கோபால் அல்லாத பிற மொழிகளில் எழுதுவோரும், பொறிக்குப் பொதுவானதை ஒருபுறமும் ஒரு பொறிக்கே உரியதை மற்றொருபுறமும் பிரித்து வைக்கின்றனர். புதிய பொறிக்கு நிரலைக் கொண்டுசெல்லும்போது, அதற்குரிய சிறு பகுதியைத் திருத்தி அமைத்துக்கொள்கின்றனர்.

மாணவர்களே! கருவிகள் தேயும், உடையும், மறையும். அவற்றைக்கொண்டு மனிதர் செய்த அறிவுப்பணி அவற்றோடு மறைந்துவிடலாகாது. ஏழு கடிகாரங்களைப் பிரித்த சிறுமி, எண்பதை நெருங்கிய வயதிலும் அரசுப்பணியில் உழைத்து நிலைநாட்டிய உண்மை இதுவே. இன்றைய கருவியை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். நாளைய கருவிக்கும் உதவுமாறு உங்கள் உழைப்பை அமைத்துக்கொள்ளுங்கள்.